இரண்டு மணி நேரப் பணம்

எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் இன்றைக்கும் வயிறு கலக்கும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கட்ட வேண்டிய தவணை எதுவும் இப்போது இல்லை. அது என் மூளைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன், காரத்தைக் குறைங்க என்றார். அடப் போய்யா, காரத்துக்கு ஞாயிறும் திங்களும் தெரியுமா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடன் வந்த கதை சின்னது. ஒரத்தநாட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் எங்கள் ஊர். தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூரில் இருந்த காலம், என் வீட்டுக்காரரும் போகிறேன் என்றார். ஏஜெண்டுக்குக் கட்ட மூன்று இடத்தில் கை நீட்டினோம். என் தாலிச் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயின. மகளிர் குழுவில் என் பேரில் கடன் எடுத்தோம். அதுவும் பற்றாமல், எங்களுக்கென்று இருந்த மூன்று மா நிலத்தை, ஏறக்குறைய ஒரு ஏக்கர், மூன்று லட்சத்துக்கு ஒத்தி வைத்தோம்.

ஒத்திக்கு வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக, பணம் கொடுத்தவர் நம் நிலத்தில் பயிர் செய்துகொள்வார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்பும். அதற்கும் ஒரு கெடு உண்டு. பங்குனி முடிவதற்குள் முழுப் பணமும் அவர் கைக்குப் போய்விட வேண்டும். சித்திரை முதல் நாள் காலையில் வருஷத்தின் முதல் உழவாக நல்லேர் ஓட்டுவார்கள். அதை அவர் ஓட்டிவிட்டால் அந்த வருஷத்து வெள்ளாமை அவருடையது. அடுத்த பங்குனி வரை நாம் வாயைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பத்திரத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒத்திக்கு வாங்கியவர் அந்நியர் இல்லை. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன், எனக்கு மூத்தார் முறை. மாமா என்று கூப்பிடுவேன். அவர் நிலத்துக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அவரை மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். கேட்டபோது பணம் கொடுத்தார், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே! நாங்கள் ஒத்திப் பணம் வாங்கிய அன்றே நாலு பேர் முன்னால் சொன்னார்: "என்ன கஷ்டம் வந்தாலும் எங்க வீட்டு நகை அடகுக்கடைப் படி ஏறுனது கெடயாது." என் வெறும் கழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அன்றைக்கு அதை விழுங்கினேன். தொண்டையில் முள் மாதிரி அது அங்கேயே நின்றுவிட்டது.

போன மனுஷர் பதினாலு மாதத்தில் திரும்பி வந்தார், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு. ஆறு மாதம் படுக்கை. எழுந்த பிறகு, டிராக்டர் வைத்திருந்த ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். அந்த வருஷம் எங்கள் மூன்று மாவையும் உழுதவர் அவர்தான். மூத்தாருக்காக, மணிக்கு இவ்வளவு என்று கூலிக்கு. சொந்த நிலத்தைக் கூலிக்கு உழுதுவிட்டு வந்த அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை. "ஒடம்பு என்னமோ மாதிரி இருக்கு புள்ள" என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தைத்தான் காட்டினேன், தட்டை எடுத்து ணங்கென்று வைத்தேன்.

குழுக் கடன்தான் என்னை அரித்தது. எட்டு பெண்கள், வாரா வாரம் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு வீட்டில் உட்கார வேண்டும். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஏழு பேரும் எழுந்திருக்க முடியாது. ஒரு திங்கட்கிழமை அந்த ஒருத்தி நான். வசூலுக்கு வந்த பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டு நகராமல் இருந்தான். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த பெண்கள், நடவுக்குப் போக வேண்டிய பெண்கள், ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் மூச்சு விடுகிற சத்தமே திட்டுகிற மாதிரி இருந்தது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. மூத்தாரின் மனைவி அந்தப் பக்கமாகப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினார். எட்டிப் பார்த்தார், புரிந்துகொண்டார். ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் பர்ஸை எடுத்து, அதிலிருந்த பால் காசில் என் தவணையை எண்ணி அந்தப் பையன் கையில் வைத்தார்.

"எந்திரிங்கடி, போய் வேலையப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். அவரை நான் அக்கா என்பேன். அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் கழுத்தைப் பக்கத்தில் பார்த்தேன். சங்கிலி பட்ட இடத்தில் வியர்வையில் பச்சை ஓடியிருந்தது. கவரிங். ஆண்களை ஏமாற்றலாம், பெண்களை ஏமாற்ற முடியாது. அவரும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். முந்தானையைக் கழுத்தோடு இழுத்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன்டி" என்றார் மெதுவாக. அக்காவின் பிறந்த வீட்டோடு மூத்தாருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே ஒரு மணி நெல் போகக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். அதனால் தாய் வீட்டில் போட்ட பத்துப் பவுனையும் அக்கா அவருக்குத் தெரியாமல் ஒரத்தநாட்டில் ஒரு வங்கியில் அடகு வைத்துவிட்டார். மூத்தாரைப் பொறுத்தவரை நகை பீரோவில் இருந்தது. அதன் பிறகு அவர் அந்த அடகுக்கடைப் பெருமையைப் பேசும்போதெல்லாம் நான் அக்கா முகத்தைப் பார்க்க மாட்டேன்.

கடனைத் தீர்ப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பயம்தான் சொல்லித் தந்தது. ஒரத்தநாட்டில் மாட்டு மருந்துக் கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். மினி பஸ்ஸில் ஏறினால் பத்து ரூபாய், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு மணி நேரம் காத்து நின்றாவது அதில்தான் போவேன். கேபிளை நிறுத்தினேன். இரண்டு செல்போனில் ஒன்றுக்கு மட்டும் ரீசார்ஜ். சிலிண்டரை மூன்று மாதம் இழுத்தேன். வெந்நீருக்கும் சோற்றுக்கும் தென்னை மட்டை, டீக்கு மட்டும் கேஸ். கல்யாண வீடுகளுக்குத் தலைவலி என்று சொல்லி, அவர்கள் நமக்கு எழுதிய மொய்யை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். ஊரில் எனக்குத் தலைவலிக்காரி என்று பேரே வந்துவிட்டது. அரசாங்கம் போடுகிற மாதம் ஆயிரத்தைக் கண்ணால் பார்க்கவே மாட்டேன். அது வந்த அன்றே தபால் ஆபீஸ் சேமிப்புக்குப் போய்விடும்.

கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கினேன். பூச்சி மருந்து எப்போது கொடுக்க வேண்டும், சினை ஆட்டுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பில் போட்டுப் போட்டே மனப்பாடம். இரண்டு நாலாயிற்று, நாலு ஒன்பதாயிற்று. ஆட்டுப் பணத்தில் முதலில் குழுவை முடித்தேன். பிறகு என் நகையை மீட்டேன். சங்கிலி கைக்கு வந்த அன்று குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைத்து, இனி ஒரு அடகுச் சீட்டில் என் கையெழுத்து விழாது என்று வேண்டிக்கொண்டேன்.

எட்டாவது படித்த என் மகள் பள்ளிக்கூட விளையாட்டுக்கு ஷூ கேட்டாள். அடுத்த மாசம் என்றேன். மூன்றாவது முறை அவள் "ஒங்க அடுத்த மாசம் எப்பம்மா வரும்?" என்று கேட்டபோது ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. போய் ஆட்டுக்குத் தழை போட்டாள். அந்த அறையை நினைத்தால் என் கை இன்றைக்கும் கூசுகிறது. ஷூ வாங்கிக் கொடுத்தேன், போட்டி முடிந்த பிறகு.

மிச்சம் இருந்தது நிலம் ஒன்றுதான். நாலு வருஷம் ஆகியிருந்தது. போன பங்குனியில் தபால் ஆபீஸ் பணம் முதிர்ந்தது. ஆடுகளில் ஆறை விற்றேன். கூட்டிப் பார்த்தால் சரியாக மூன்று லட்சம். இரண்டு முறை கூட்டினேன். மூன்றாவது முறை என் வீட்டுக்காரர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். "போதும், கூட்டிக்கூட்டியே கொறச்சுப்புடுவ" என்றார்.

மூத்தாரிடம் போய்ச் சொன்னோம். அவர் முகம் சட்டென்று மலரவில்லை. எங்கள் நிலத்தையும் சேர்த்துத் தன் போர்த் தண்ணீரில் குறுவை போடத் திட்டம் வைத்திருந்தார். ஆனாலும் பேச்சு மாறவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "பங்குனி கடைசி நாள் சாயங்காலம் வெளக்கு வச்சு ஆறு மணிக்கு வாங்க. நல்ல நேரம். அதுக்கு முன்னாடி வேண்டாம். மறுநா காலைல நீங்களே ஏர் ஓட்டிக்கலாம். ஆனா ஒண்ணு தம்பி, அன்னைக்கு இல்லேன்னா அடுத்த பங்குனிதான். அப்பறம் மொகத்தத் தூக்கி வச்சுக்கக் கூடாது." விளக்கு வைத்த பிறகு பணம் கொடுக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வாங்கினால் நல்லது போலிருக்கிறது.

அந்தக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. வேறு நாளே கிடைக்கவில்லையா என்று முதல் நாளே வயிறு கலங்கிவிட்டது. மறுநாள் சித்திரை ஒன்று, எல்லாவற்றுக்கும் லீவு. அதனால் காலையில் தபால் ஆபீஸ் திறந்ததும் பணத்தை எடுத்து, ஆட்டுப் பணத்தோடு சேர்த்துச் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பையை மேஜைக்குக் கீழே இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பில் போட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முதலாளி, "என்னம்மா, பாம்பு கீம்பு பூந்துருச்சா?" என்று கேட்டார்.

பதினொரு மணிக்கு அக்கா வந்தார். மாட்டுக்குக் கால்சியம் பவுடர் கேட்டார். வாங்கினார், போகவில்லை. கடையில் ஆள் குறைந்ததும் மேஜைப் பக்கம் வந்தார்.

"ஏன்டி, பணம் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேங்க்கா. சாயங்காலம் மாமா கையில குடுத்தாத்தான் எனக்கு மூச்சே வரும்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். நகைக் கடனுக்கு அன்றுதான் கடைசி நாள். வருஷா வருஷம் அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி, நகையை வெளியே எடுத்து, உடனே திரும்ப வைத்துப் புதுக் கடன் வாங்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பணம் கொடுக்க வங்கி வாசலில் ஒரு ஆள் நிற்பார். கட்டப் பணம் கொடுப்பார், திரும்ப வைத்ததும் வாங்கிக்கொள்வார், லட்சத்துக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வார். மூன்று வருஷமாக அக்கா அப்படித்தான் சமாளித்துவந்தார். அன்று பார்த்து அந்த ஆள் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். இன்று கட்டாவிட்டால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

"ரெண்டே மணி நேரந்தான்டி. சும்மா பையில கெடக்கற பணந்தானே. ஒரு மணிக்கெல்லாம் ஒங்கையில வச்சுருவேன்."

முடியாதுக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. ரவிக்கைக்குள்ளிருந்து வந்த பர்ஸ், பால் காசு, எந்திரிங்கடி என்ற குரல். அன்றைக்கு அந்த அக்காவே கவரிங் போட்டுக்கொண்டு நின்றவர்தானே. முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பையோடு அவருடன் போனேன்.

மூன்று லட்சத்தில் இருபதாயிரம் போக மீதி அவ்வளவும் கவுன்ட்டருக்குள் போயிற்று. ரசீது வந்தது. நகை வர மணி ஒன்றாகிவிட்டது. மதிப்பீட்டாளர் சாப்பிடப் போனார், வந்தார், எடை போட்டார், பத்துப் பவுனும் துணிப்பையில் அக்கா கைக்கு வந்தது. அக்கா அதை அப்படியே திரும்ப நீட்டினார்: "சார், மறுபடி வைக்கணும்."

"இன்னைக்கு வைக்க முடியாதும்மா. மூடுன அன்னைக்கே புதுக்கடன் குடுக்கக் கூடாதுன்னு இப்ப உத்தரவு. நாளைக்கு லீவு. புதன்கிழமை வாங்க."

"போன வருஷம் ஒரே நாள்ல வச்சேனே சார்."

"அது போன வருஷம்மா."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்தேன், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே போட்டு உடைத்துவிட்டேன். அந்த அதிகாரியிடம் கெஞ்சினோம். அவர் நல்லவர்தான், தண்ணீர் கொடுத்தார், பணம் கொடுக்கவில்லை.

வெளியே வந்ததும் எதிரே அடகுக்கடை. "வாங்கக்கா, அங்க வச்சுருவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா நகரவில்லை. அந்தக் கடைக்காரர் மூத்தாருக்குக் கூட்டாளி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இன்னொரு கடை. அங்கே வைத்தால் போனுக்கு ஓ.டி.பி. வரும், அக்கா பேரில் இருக்கிற நம்பர் மூத்தார் கையில் இருக்கிற போன். "நீ ஒம்பேர்ல வைக்கிறியா?" என்று கேட்டார் அக்கா, கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. படிக்குக் கீழே போய் நின்றேன். கால் ஏறவில்லை. தேங்காய் உடைத்து வேண்டிக்கொண்டது ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், நாலு வருஷம் நாய் படாத பாடு பட்டு வெளியே வந்தவள், இன்னொருத்தியின் நகைக்காக மறுபடி கடன்காரியாக வேண்டுமா என்ற எரிச்சல்தான் காலைப் பிடித்தது. "என்னால முடியாதுக்கா" என்றேன். அக்கா தலையாட்டினார். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பேன்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். நகைப் பை கால்சியம் பவுடருக்கு அடியில் இருந்தது. இறங்கும்போது அக்கா, "நீங்க ஆறு மணிக்கு வாங்க" என்றார். வந்து என்ன கொடுப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வீட்டில் என் வீட்டுக்காரர் குளித்து வெள்ளை வேட்டி கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஏருக்குத் தன் முதலாளியின் டிராக்டரை இரவல் கேட்டுக் கழுவி நிறுத்தியிருந்தார். மகள் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முழுசும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "குடுத்தது சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கா குடுக்கணும்?" என்றார். அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டார், வெள்ளை வேட்டியோடு. மகள் குங்குமக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அடுத்த வருஷம் என்று அவளிடம் என்னால் சொல்ல முடியாது. அடுத்த என்ற வார்த்தையை அவளிடம் நான் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன்.

ஆறு மணிக்கு இருபதாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். நாலு நாள் டைம் கேட்போம் என்றார் அவர். மூத்தார் கூடத்தில் விளக்கு ஏற்றி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும், ஒத்திப் பத்திரமும் வைத்து உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு யாரும் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான். அக்கா கூடத்தில் இல்லை.

"வாங்க, நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, ஒரு நாலு நாள்..." என்று ஆரம்பித்தார்.

மூத்தார் முகம் மாறியது. "என்ன தம்பி இது! சொல்லித்தானே விட்டேன்? மூணு லட்சத்தப் பொரட்ட முடியலேன்னா முடியலேன்னு சொல்லணும். நல்ல நாள் பாத்து, வெளக்கு ஏத்தி..." பிறகு என் பக்கம் திரும்பாமல் என்னைச் சொன்னார். "பொம்பள கெட்டியா இருந்தா குடும்பம் இப்புடி ஆவுமா? எங்க வீட்டு நகை இன்னைக்கு வரைக்கும் அடகுக்கடைப் படி..."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருஷத்து முள் தொண்டையிலிருந்து நாக்குக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் நிலமும் திரும்பும், அந்த வாயும் மூடும். அக்காவின் குடித்தனம் என்ன ஆகும் என்று நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று எழுதினால் பொய். "மாமா, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது, கவரிங்கைக்கூடக் கழற்றியிருந்தார். துணிப்பையை அவிழ்த்து, பத்திரத்துக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் நகைகளைக் கொட்டினார்.

"அவ பணம் இங்க இருக்கு" என்றார்.

மூத்தாருக்குப் புரியவில்லை. ஒரு வளையலை எடுத்துப் பார்த்தார். "இது ஒன் நகைல்ல?"

"ஆமா. நாலு வருஷமா பேங்க்ல கெடந்துச்சு. எங்கம்மா ஆபரேஷனுக்கு வச்சேன். ஒங்ககிட்ட கேட்டா குடுக்க மாட்டீங்க. இன்னைக்கு அவ ஒங்களுக்குக் குடுக்க எடுத்த பணத்தக் கட்டித்தான் மீட்டேன். புதன்கிழமை திருப்பி வச்சு அவளுக்குத் தரணும். நான் வைக்கப் போறதில்ல. இனிமே என்னால அந்த வாசல்ல போயி நிக்க முடியாது." சொல்லிவிட்டு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். மூத்தார் கவரிங்கூட இல்லாத அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பத்திரத்தை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். நான் இருபதாயிரத்தைத் தாம்பாளத்தில் வைத்தேன். எண்ணிப் பார்க்கவில்லை அவர். அக்காவைப் பார்த்து, "உள்ள கொண்டு போயி வை" என்றார். அடிப்பாரோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. இரவு முழுக்க அந்த வீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

காலையில் வயலுக்குப் போனோம். புது ஆற்று வாய்க்காலில் தண்ணீர் இல்லாத காலம், மண் வெடித்துக் கிடந்தது. சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, என் வீட்டுக்காரர் டிராக்டரை எடுத்தார். பின்னால் மகள் மண் கட்டிகளை மிதித்துக்கொண்டே ஓடினாள். அவள் காலில் அந்த ஷூ இருந்தது.

மூத்தார் வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வந்தார். வரப்பில் என்னிடமிருந்து நாலு அடி தள்ளி நின்று டிராக்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலு வருஷம்மா. தெனம் அவ கையால சோறு வாங்கித் தின்னுருக்கேன். கழுத்துல கெடந்தது பித்தளைன்னு எனக்குத் தெரியல பாரு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வயல் பக்கம் இறங்கிப் போனார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று யாராவது சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா தூக்கில் பானகம் எடுத்துக்கொண்டு வந்தார். கழுத்தில் சங்கிலி இருந்தது. நிறம் மங்கியிருந்தது, ஆனால் தங்கம். ஒரு டம்ளர் ஊற்றி என்னிடம் கொடுத்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, நேத்து நான் எங்க சொல்லிப்புடுவனோன்னு பயந்துதானே முந்திக்கிட்டு வந்தீங்க?"

அக்கா சிரித்தார்.

"இல்லடி. நீ எங்க சொல்லாமலே இருந்துருவியோன்னு பயந்துதான் வந்தேன். எனக்காவ வாய மூடிக்கிட்டு நெலத்த விட்டுட்டுப் போயிருவ நீ. எனக்குத் தெரியாதா ஒன்ன?"

இல்லைக்கா, சொல்லத்தான் போனேன், நீங்கள் இன்னும் இரண்டு எட்டு தாமதித்திருந்தால் சொல்லியே இருப்பேன் என்று அவரிடம் அப்போது சொல்லியிருக்க வேண்டும். இன்று வரை சொல்லவில்லை. டம்ளரைக் காலி செய்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.